சாமியார் ‘அவர்’ என்றுதான் எழுதினார்

அக்கா,

இன்று காலை தபால்காரர் உனக்கு ஒரு கட்டு கொண்டுவந்தார். பழுப்புக் காகித உறை, மதராஸ் முத்திரை, வழக்கம்போல ஓரமெல்லாம் கப்பல் ஈரம். உள்ளே, பத்து வருஷமாக நீ நாள் எண்ணிக் காத்திருந்து வாங்கிய அந்தக் கணிதச் சஞ்சிகை. உறையில் ‘மிஸ்டர்’ என்று அச்சடித்து, அதற்குப் பின்னால் உன் பெயர். தபால்காரர் நம் சுங்கை பினாங் பக்கத்துக்குப் புதியவர். “அண்ணே, இந்த மிஸ்டர் யாரு? இங்கதான் இருக்காரா?” என்று கேட்டார். “என் அண்ணன்தான், குடுங்க” என்றேன். அவர் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். உன்னை அடக்கம் செய்து எட்டு மாதம் ஆகிறது. பட்டப்பகலில், கொஞ்சமும் கூசாமல், உன்னை ஆணாக்கிவிட்டு வாசலில் நின்றேன். செய்ய வேண்டிய காலத்தில் அதில் பாதியைக்கூடச் செய்யாதவன் நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ‘மிஸ்டர்’ வந்த கதையை நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். அப்பா உனக்கு வைத்த பெயர் ஆணுக்கும் வைப்பது, பெண்ணுக்கும் வைப்பது. நம் மாதா கோயிலில் மணி அடிக்கிறவருக்கும் அதே பெயர். பூசை முடிந்து யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து திரும்புவீர்கள். அப்பாவின் முதலெழுத்தும் உன் பெயரும் மட்டும் போட்டு உன் முதல் கட்டுரையை அனுப்பினாய். அச்சாகி வந்தபோது முன்னால் ஒரு ‘மிஸ்டர்’ தானாக முளைத்திருந்தது. “டேய் தம்பி, எனக்கு மீசை மொளச்சிருச்சு பாரு!” என்று மேலுதட்டைத் தடவிக்கொண்டு வந்து காட்டினாய். படுக்கையில் கிடந்த அம்மாகூடச் சிரித்தாள். திருத்தச் சொல்லி எழுது என்றேன். “நான் எங்கயும் ஆம்பளன்னு எழுதல. பொம்பளன்னும் எழுதல. கணக்குல அது எங்கடா வருது?” என்று கேட்டாய்.

உன்னைவிடக் குறைவாக மார்க்கு வாங்கிய என்னைத்தான் மேலே படிக்க மதராஸுக்குக் கப்பலேற்றினார் அப்பா. சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த மனிதர். மகளை அனுப்பிவிட்டு மகனை வீட்டில் வைத்துக்கொண்டால் மற்ற கிராணிமார் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். நான் ஒரே வருஷத்தில் கணக்கில் தோற்றுத் திரும்பிவந்தேன். என் பெட்டியிலிருந்த கணக்குப் புத்தகங்களை நீ எடுத்துக்கொண்டாய். மதராஸிலிருந்து நான் கொண்டுவந்ததில் உருப்பட்டது அது ஒன்றுதான்.

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் உனக்குக் கொடுத்திருந்தது தையல் வகுப்பு. அதோடு சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல், கழித்தல். பெரிய வகுப்புப் பெண்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்க ஆண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வாத்தியார் வாரத்துக்கு இரண்டு நாள் ரிக்‌ஷாவில் வந்து இறங்குவார். அல்ஜீப்ரா என்றால் அதற்குக் கோட்டுப் போட்ட ஆள் வேண்டும் போலிருக்கிறது. அவர் கெட்டவரும் இல்லை. தன்னால் முடியாத கணக்கை ஒரு துண்டுத்தாளில் எழுதி, “டீச்சர், இது கொஞ்சம் அடம் பிடிக்குது” என்று மாணவி கையில் உனக்கு அனுப்புவார். நீ ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, அதே தாளின் பின்பக்கத்தில் போட்டு அனுப்புவாய். பரிசளிப்பு நாளில் பெண்கள் எல்லாரும் கணக்கில் தேறியதற்காக அவர் கழுத்தில் மாலை விழும். உன் வகுப்புக் கைக்குட்டைகளுக்கும் ஒரு பாராட்டு உண்டு. ஓரம் மடித்துத் தைத்தது நேர்த்தியாக இருக்கிறதாம்.

அந்தத் துணித் துண்டுகளில்தான் உன் கணக்குப் பிறந்தது. “ஒரு சதுரத் துணிய நாலு சதுரமா வெட்டலாம். ஆறா வெட்டலாம், ஏழு, எட்டு, அதுக்கு மேல எத்தன வேணும்னாலும் வெட்டலாம். அஞ்சா மட்டும் வெட்டு பாப்போம்” என்று கத்தரிக்கோலை என் கையில் திணித்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு முழத் துணியும் வீணானதுதான் மிச்சம். நீ அதற்குள் அடுத்ததற்குப் போயிருந்தாய். ஒரு சதுரத்தை, ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு வராத சதுரங்களாக மட்டுமே வெட்ட முடியுமா? யாருக்கும் இதுவரை விடை தெரியாது என்றாய். விடை தெரியாததை எப்படிக் கணக்கு என்று சொல்வது என்று கேட்டேன். தோற்றவன் வேறென்ன கேட்பான்.

முடியுமா முடியாதா என்று நீ கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அப்படி வெட்ட முடிந்தால், அதில் ஆகச் சின்னச் சதுரம் துணியின் ஓரத்தில் இருக்கவே முடியாது என்று நிரூபித்தாய். எனக்குப் புரியவைக்க மேசையில் துண்டுகளைப் பரப்பினாய். “இத ஓரத்துல வச்சேன்னா ரெண்டு பக்கமும் இதவிடப் பெருசு நிக்கும். நடுவுல சந்து மாதிரி ஆயிரும். அந்தச் சந்துல அடங்கணும்னா இதவிடச் சின்னது வேணும். சின்னதே இதுதானே! அப்ப முடியாதுல்ல?” வாழ்க்கையில் எனக்குப் புரிந்த ஒரே நிரூபணம் அது. “பாவம்டா, ஆகச் சின்னது எப்பவும் பெருசுங்க நடுவுலதான் மாட்டிக்கிட்டு இருக்கும்” என்று சொல்லிவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றப் போனாய்.

அது அச்சான மறு வருஷம் இந்தியாவிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ‘டியர் சார்’ என்று தொடங்கியிருந்தார். இரண்டு வருஷம் அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருக்கலாம், பிறகு அங்கேயே விரிவுரையாளர் வேலை. பட்டம் இல்லாதது ஒரு குறையில்லை, கட்டுரைகளே போதும் என்று எழுதியிருந்தார். வேண்டியது ஒன்றே ஒன்று, குருவானவரோ அதிகாரியோ தரும் நன்னடத்தைச் சான்று. நீ கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாய். மீசை வேடிக்கையெல்லாம் உன் முகத்தில் இல்லை.

“போறேன்டா” என்றாய்.

“அங்க போயி நின்னா தெரிஞ்சிருமேக்கா.”

“தெரியட்டும். கணக்குப் போடச் சொல்லட்டும், போடுறேன். அதுக்கப்புறம் வேணாம்னு சொல்லட்டும்.” பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “அம்மாவ நீ பாத்துக்குவியா?” என்று கேட்டாய்.

“பாத்துக்கிறேன், நீ போக்கா” என்றேன். கேட்டு வாய் மூடுவதற்குள் சொன்னேன். அவ்வளவு சீக்கிரம் சொன்னதிலேயே நீ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அப்பா காலமான பிறகு அம்மாவுக்குப் பாரிச வாயு கண்டு, இடப்பக்கம் விழுந்து, அப்போது மூன்று வருஷம். குளிப்பாட்டுவது, சேலை மாற்றுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, எல்லாம் நீ. பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு முறை, மத்தியான மணி அடித்ததும் ஓடிவந்து ஒரு முறை, சாயந்திரம் ஒரு முறை. நான் அடுத்த அறையில் பேப்பர் படிப்பேன். வயது வந்த ஆண்பிள்ளை தாயைக் குளிப்பாட்டினால் ஊர் என்ன சொல்லும் என்பது என் கட்சி. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள்கூட உன்னைப் பார்த்துத்தான் முதலில் கேட்டார்கள், இவள் இங்கேயேதான் இருப்பாளா என்று. நீ இருந்தால் அவர்கள் பெண்ணுக்கு வேலை மிச்சம். அதுவும் கடைசியில் தகையவில்லை.

சான்று கொடுத்தவர் நம் பங்குச் சாமியார். பிரெஞ்சுக்காரர். பாண்டிச்சேரியில் பல வருஷம் இருந்து தமிழ் படித்தவர், இங்கிலீஷ் மட்டும் அவர் வாயில் நுழையாது. அதனால் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். ‘அவர் எம் பங்கைச் சேர்ந்தவர். சிறுவயது முதல் அவரை நாம் அறிவோம். அவர் இவ்வூர்ப் பள்ளியில் கற்பிப்பவர். தெய்வபயமும் பொறுமையும் உடையவர். நோயுற்ற தம் தாயாரைத் தாங்குகிறவர்.’ இப்படி ஒரு பக்கம். தமிழில் மரியாதை கொடுத்து எழுதிவிட்டால் ஆணென்ன, பெண்ணென்ன, இரண்டு பேரும் ஒரே சொல்லுக்குள் அடக்கம். சாமியார் தெரியாமல் எழுதினார் என்றேன் நான். “தெரியாமலா? மடத்துப் பள்ளின்னு எழுதாம பள்ளின்னு மட்டும் போட்டிருக்காரே, அது என்ன?” என்று நீ சிரித்தாய். உன் சிரிப்பில் அவ்வளவு தைரியம் இருந்தது.

அதை இங்கிலீஷில் பெயர்த்து, முத்திரை வைத்து அனுப்ப வேண்டியவன் நான். கோர்ட்டில் எனக்கு அதுதானே வேலை. “சாமியார் எழுதினத அப்படியே எழுது. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்” என்று சொல்லிக் கொடுத்தாய்.

மத்தியான இடைவேளை. கோர்ட்டு அறையில் என்னைத் தவிர ஆள் இல்லை. முதல் சொல்லிலேயே பேனா நின்றது. ‘அவர்’. இங்கிலீஷில் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும், ‘ஹீ’ அல்லது ‘ஷீ’. ‘ஹீ’ என்று போட்டால் பொய். சத்தியம் செய்து உத்தியோகம் பார்க்கிறவன் பொய் எழுதலாமா? இப்படி எனக்கு நானே வக்கீலாகி வாதாடி, ‘ஷீ’ என்று எழுதினேன். ஒன்பது இடம். எண்ணியும் பார்த்தேன். முத்திரை குத்தி, உன்னிடம் காட்டாமல், நானே தபாலாபீசுக்கு நடந்துபோய் நாகப்பட்டினம் கப்பலுக்குச் சேர்த்துவிட்டு வந்தேன்.

திரும்பி வர டிராமில் உட்கார்ந்தபோது மனம் லேசாக இருந்தது. உண்மையைக் காப்பாற்றியவனுக்கு வருகிற நிம்மதி என்று அதற்குப் பெயர் வைத்தேன். இல்லை அக்கா. நாளைக் காலையிலும் அம்மாவின் அறைக்குள் நான் போக வேண்டியதில்லை என்கிற நிம்மதி அது. உன் ஆயுளை எடுத்து என் காலைப் பொழுதுக்கு முட்டுக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்று வரி. கட்டுரைகளை மிகுந்த ஆவலுடன் படித்ததாகவும், அந்த இடம் பெண்களுக்கு உரியதல்ல என்றும், வருந்துவதாகவும். கட்டுரை மாறவில்லை, நிரூபணம் மாறவில்லை, சின்னச் சதுரம் வைத்த இடத்தில்தான் இருந்தது. மாறியது அந்த ஒரு சொல்.

“டியர் மேடம்னு போட்டிருக்காங்க. மொதல் தடவையா என்னைய சரியாக் கூப்புட்டுருக்காங்க” என்றாய். நான் செருப்பைத் தேடினேன்.

“நீ என்ன எழுதின?”

“சாமியார் எழுதினதத்தான்.”

“சாமியார் அவர்னுல்ல எழுதினாரு?”

“இங்கிலீஷ்ல அவர் இல்லக்கா. ஹீ, இல்லன்னா ஷீ. நான் என்னதான் செய்யறது?”

நீ கோபப்படவில்லை. எந்த வரியில் பிழை என்று தேடும்போது உன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. “கோர்ட்டுல சாட்சி சொல்றத எழுதுவியே, அங்க என்ன எழுதுவ? ஹீன்னா, ஷீன்னா?”

‘விட்னஸ்’ என்று எழுதுவேன். ஆணானாலும் பெண்ணானாலும் விட்னஸ். ‘விட்னஸ் வீட்டில் இருந்தார், விட்னஸ் சத்தம் கேட்டார்’ என்று நாள் முழுக்க அதைத்தான் எழுதுகிறேன். அந்தச் சான்றிலும் ‘கேண்டிடேட்’ என்று எழுதியிருந்தால் ஒன்பது இடமும் ஓடியிருக்கும். பொய்யும் ஆகாது. நீ ஒரு மூச்சில் கண்டுபிடித்தாய். எனக்கு அன்று மத்தியானமே தெரியும். நீ கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கப் போய்விட்டாய்.

ஒரு வாரம் பொறுத்து நானே வாயைக் கொடுத்தேன். “போயிருந்தாலும் வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பாங்கக்கா.” நீ தலையைத் தூக்கினாய். “அனுப்பட்டுமே. என் கணக்கக் கையில வச்சுக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்து, வேணாம்னு அவங்க வாயால சொல்லியிருக்கணும். அந்தச் சிரமத்தக்கூட அவங்களுக்கு வைக்காமப் பண்ணிட்டியேடா.” அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அந்தப் பேராசிரியருக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன். ஒரு முறை வரவழைத்துச் சோதித்தாவது பாருங்கள் என்று முதலில் கௌரவமாக, பிறகு கெஞ்சி, கடைசியில் என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல். ஒன்றுக்கும் பதில் இல்லை. திறந்திருந்த கதவைச் சாத்தியவன், பிறகு வெளியே நின்று தட்டித் தட்டிக் கை வீங்கினால் யாருக்கு என்ன?

நீ அதற்குப் பிறகும் இரண்டு கட்டுரை எழுதினாய். ‘மிஸ்டர்’ என்றே வந்தது, நீ சிரிக்கவில்லை. அல்ஜீப்ரா வாத்தியார் ஓய்வு பெற்றபோது அந்த வகுப்பை உனக்குத் தருவார்கள் என்று நினைத்தாய். இன்னொரு கோட்டு வந்து இறங்கியது. அவருடைய துண்டுத்தாள்களும் தையல் வகுப்புக்கு வரத் தொடங்கின. நீ போட்டுத்தான் அனுப்பினாய். நான் ஏன் என்று கேட்டபோது, “கணக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?” என்றாய்.

பிறகு நெஞ்சு நோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு வாங்க வாங்க, நான் கேட்காமலேயே நீ சொன்னாய்: “நீ பொய் எழுதலடா. அதான் உன்னைய ஒண்ணும் சொல்ல முடியல.” மன்னிக்கிறேன் என்று நீ சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று நானும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள், கூச்சமாக இருந்தது. இப்படி ஒரு மடையன் உலகத்தில் இருப்பானா அக்கா?

உன் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டேன். அதே சாமியார், காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. “சுவாமி, ஓர் உண்மையை எழுதிவிட்டேன்” என்றேன். கடவுள் கட்டளையிட்ட பத்துக் கற்பனைகளில் எதற்கு விரோதமாக என்று கேட்டார். பத்துக் கற்பனைகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பொய்ச்சாட்சி சொல்லவில்லை. தாயைப் பேணாமலும் விடவில்லை, உன் கையால் பேணினேன். ஒன்றிலும் என் குற்றம் அடங்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். தட்டிக்கு அப்பாலிருந்து “அதை அவரிடம் சொன்னீரா?” என்றார். அப்போதும் ‘அவர்’ என்றுதான் சொன்னார். சொல்லவில்லை என்றேன். “என் ஆசீர்வாதம் உமக்குப் போதாது. அவரிடம் சொல்லும்” என்றார். எங்கே வந்து சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். எழுதியும் என்ன, இதைப் படிக்க நீ இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

அம்மா இருக்கிறாள். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலை, அறையிலிருந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நீ ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வந்து பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மாவும் நின்றுவிட்டாள், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் போனேன். வெந்நீர் விளாவத் தெரியவில்லை, எந்தத் தோளைப் பிடித்துப் புரட்டுவது என்று தெரியவில்லை. அம்மா வெட்கத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நானும் அழுதேன். இரண்டாம் வாரம் அவள் கண்ணைத் திறந்தாள். இப்போது நான் சேலையை எடுத்ததும் நல்ல கையைத் தானே தூக்கிக் கொடுக்கிறாள். விடிந்ததும் தொடங்கினால் ஏழரைக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. கோர்ட்டு பத்து மணிக்குத்தான். மத்தியானம் டிராமில் வந்து ஒரு முறை புரட்டிவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்ப நேரம் இருக்கிறது. முதுகில் ஒரு புண் இல்லை. ஊரில் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முடிகிறது அக்கா. என்னால் முடிகிறது. அன்றைக்கும் முடிந்திருக்கும்.